மூன்று சுழிப் பனி

எனக்கு வேலை போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாசி மாதம் இதையே தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நேரிலும் எத்தனையோ பேருக்குச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. இத்தனை வருடம் கழித்து நீங்களாவது நம்பினால் சந்தோஷம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், ஸ்காபரோவின் மில்லிக்கனில், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டு நிலவறையில், பேஸ்மன்றில், வாடகைக்கு இருந்தேன். மார்க்கம் பக்கத்தில் ஒரு கம்பனியில் கணினிப் பலகைகளைப் பரிசோதிக்கும் வேலை. இருட்டில் போய் இருட்டில் திரும்புவேன். கனடாவில் சூரியன் இருக்கிறதா என்பதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கன்ரீன் கண்ணாடியால் எட்டிப் பார்த்துத்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பேஸ்மன்றில் இருந்த ஒரே யன்னல் நிலமட்டத்தில் இருந்தது. மார்கழியில் பனி வந்து அதை மூடினால் பங்குனியில்தான் திறக்கும்.

பேஸ்மன்றில் இருப்பவன்தான் வாசல் பனியை அள்ள வேண்டும் என்பது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். வாடகை ஒப்பந்தத்தில் அது இல்லை. ஆனால் முதல் பனி விழுந்த காலையில் மேல்வீட்டு அன்ரி பனி அள்ளும் சவலைக் கொண்டுவந்து என் கதவில் சாத்திவிட்டுப் போனார். நானும் எடுத்து அள்ளினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. அள்ளும் நேரத்தில் மட்டும்தான் அயலில் இருந்தவர்கள் என்னைக் கண்டார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் தன் சவலை உயர்த்திக் காட்டுவார், நான் என் சவலை உயர்த்திக் காட்டுவேன். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. ஒரு வாரத்தில் நான் வேலைக்கு வெளியே ஒருவரோடு கதைத்த கதை பெரும்பாலும் அவ்வளவுதான்.

மிச்சக் கதை முழுக்க மின்னஞ்சலில் நடந்தது.

கவிதை எழுதும் தமிழர்களுக்கென்று ஓர் அஞ்சல் குழு இருந்தது. ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலுமாக முப்பது பேர். பாதிப் பேர் எங்கள் இலங்கைப் பக்கம், பாதிப் பேர் தமிழ்நாடு. ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. எழுத்துப் பிழைகளை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டோம். முதல் பனி விழுந்த நாளிலிருந்து, குளிர் முடிந்து மணிக்கூட்டை ஒரு மணி முன்னே மாற்றும் நாள்வரை வாரம் ஒரு தலைப்பு, ஆளுக்கொரு கவிதை. “இருட்டுக்காலக் கவிதை” என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவர் குழுவின் நெறியாளர். சென்னைக்காரர், தொலைத்தொடர்புப் பொறியியலாளர், நகரின் நடுவே பத்தொன்பதாவது மாடியில் தனியே இருந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் கூட. ஆனால் எழுதும்போது தலைமையாசிரியர்போல் எழுதுவார்.

எனக்கும் மேல்வீட்டுக்கும் ஒரே தொலைபேசி இணைப்பு. நான் மொடமைப் போட்டால் மேலே அன்ரி பேச முடியாது. அன்ரி எடுத்தால் எனக்குக் கவிதை பாதியில் அறுந்துவிடும். பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும் நாட்களில் அரை மணி நேரம் எனக்கு என்று உடன்படிக்கை. இருபதாவது நிமிடத்திலேயே அன்ரி எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். “தம்பி, பூனை இன்னும் கத்துது” என்று படிக்கட்டில் நின்று குரல் கொடுப்பார். மொடம் போடும் கீச்சுச் சத்தத்தை அவர் கடைசிவரை பூனை என்றே சொன்னார்.

இனி அந்த முக்கியமான சட்டத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்தில் கடிதம் அனுப்பினால் மறுமுனையில் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாய்ப் போய்ச் சேரும். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம். அதற்கு ஒரு முறை இருந்தது. ஆங்கில ‘என்’ எழுத்தைச் சின்ன எழுத்தில் போட்டால் இரண்டு சுழி ன. பெரிய எழுத்தில் ‘என்’ போட்டால் மூன்று சுழி ண. நெறியாளர் இந்தச் சட்டத்தை ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி எல்லோருக்கும் அனுப்பிவைப்பார். நான் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அதை அழித்துவிடுவேன்.

அந்த வருடம் முதல் வாரம் தலைப்பில்லாத வாரம். அநேகமாக எல்லோரும் பனியைப் பற்றி எழுதினார்கள். ஒன்பது கவிதைகளில் அது வெள்ளைப் போர்வையாக வந்தது. ஒன்றில் வானம் மாவு இடித்தது. நெறியாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஓர் அறிவித்தல் போட்டார். இந்தக் குழுவில் போர்வைகள் போதிய அளவு சேர்ந்துவிட்டன, இனி இந்தப் பருவம் முடியும்வரை பனி என்ற சொல்லே வேண்டாம் என்றார். ஒன்பது போர்வைகளில் ஒன்று என்னுடையது.

இரண்டாவது வாரத் தலைப்பு பணி. அதாவது வேலை. இருட்டில் பணிக்குப் போகிறேன், இருட்டில் பணி முடிந்து வருகிறேன் என்று உருக்கமாக ஒன்று எழுதி அனுப்பினேன். சின்ன ‘என்’ போட்டு. அரை மணி நேரத்தில் நெறியாளரின் பதில் எல்லோருக்கும் வந்தது. தடைசெய்த மறுவாரமே இவர் பனிக்குள் போகிறார், பனி முடிந்து வருகிறார், இவருக்கு என்ன தண்டனை என்று கேட்டிருந்தார். குழு அந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை. போகும்போது சவலையும் கொண்டுபோங்கோ அண்ணை என்று ஒருவர் எழுதினார். பனியிலே ஓய்வூதியம் உண்டா என்று இன்னொருவர் கேட்டார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நான் கணினிப் பலகைகளைப் பரிசோதிக்கிறவன். என் கணினியில் தானாகப் பிழை திருத்தும் வசதி ஒன்று இருந்தது. பணி என்ற அந்தச் சொல்லை எப்போது நான் சின்ன ‘என்’ போட்டு அடித்தாலும் உடனே பெரிய ‘என்’ ஆக மாற்றிவிடும்படி அதற்குச் சொல்லிவைத்தேன். இனி இந்த நெறியாளர் எனக்கு இரண்டு சுழி, மூன்று சுழி படிப்பிக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். பிறகு தேநீர், பஸ் தரிப்பு, கையுறை என்று வேறு தலைப்புகள் வந்தன. கணினிக்குச் சொல்லிவைத்ததை நான் மறந்துபோனேன். கணினி மறக்கவில்லை.

அதே காலத்தில்தான் எனக்கு ஒரு சம்பந்தமும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் கொழும்பில். பெண்ணின் தாய்மாமன் யூனியன்வில்லில், என் பேஸ்மன்றிலிருந்து காரில் பத்து நிமிடம். ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே என் வேலை பேர்மனன்ரோ, நிரந்தரம்தானோ என்று கேட்டார். ஓம் என்றேன். கம்பனி எப்படி என்றார். பிறகு வருடக் கடைசியில் ஆட்களை நிற்பாட்டுகிறவர்களோ என்றார். ஒரே கேள்வியை மூன்று உடுப்புப் போட்டு அனுப்பினார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். வேலையில்லாதவன் ஒருவனை நம்பி ஒரு பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்ப எந்த மாமனுக்கும் மனம் வராது.

பெண் என்ன செய்கிறார் என்று நான் கேட்டேன். ஓர் அச்சுப் பிரசில் புரூஃப் பார்க்கிறாள், பிழை திருத்துகிறாள் என்றார், ஒரு சின்னக் குறையைச் சொல்வதுபோல. பிறகு பெண்ணின் படத்தைத் தந்தார். படத்தில் அவர் கமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி எதையோ சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். மாமன் போன பிறகு அந்தப் படத்தை மேசை விளக்கின் கீழ் வைத்து எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வேறு ஒரு சம்பந்தமும் இனி எனக்கு வேண்டாம் என்று அந்தப் பின்னேரமே முடிவெடுத்துவிட்டேன். அவர் என்ன முடிவெடுப்பார் என்பதுதான் மிச்சம். மாசி முடிவதற்குள் பதில் சொல்லுவதாக மாமன் சொல்லியிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். கவிதை எழுதுகிறனான், குழு ஒன்று இருக்கிறது என்று அவரிடம் பெருமையடித்துத் தொலைத்திருந்தேன்.

மாசி நடுப்பகுதியில் திடீரென்று சூடு வந்தது. ஒரு வாரம் பனியே இல்லை. இருந்ததும் கரைந்து ஓடிவிட்டது. யன்னல் திறந்துகொண்டது. காலையில் எழும்பி உடுத்திக்கொண்டு கதவைத் திறந்தால் அள்ளுவதற்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரும் வெளியே வரவில்லை. அவருக்கும் என்ன வேலை வெளியே? எனக்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான்கு நாள் ஒருவரும் எனக்குக் கை காட்டவில்லை என்பதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கவிதைத் தலைப்பு: நின்றது. ஆட்கள் நின்றுபோன மணிக்கூட்டையும் நின்றுபோன பஸ்ஸையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் தடையை மீறுவதென்று தீர்மானித்தேன். சனிக்கிழமை பின்னேரம் இதை எழுதி அனுப்பினேன்.

பனி நின்றுவிட்டது.
இனி என்ன செய்வேன்?
பனி இருந்தவரை
வாசலில் எனக்கொரு வேலை இருந்தது.
அள்ளினேன், தள்ளினேன்.
அயலார் கண்டார், கை அசைத்தார்.
பனி போன பிறகு
என்னை ஒருவருக்கும் தெரியாது.

இதில் எங்கெல்லாம் பனி வருகிறதோ அங்கெல்லாம் என் கணினி மூன்று சுழி போட்டு அனுப்பியது. இப்போது திரும்ப வாசித்துப் பாருங்கள். குழு அப்படித்தான் வாசித்தது.

நெறியாளரிடமிருந்து திட்டு வரும் என்று காத்திருந்தேன். திட்டு வரவில்லை. “நண்பரே, மனம் கனக்கிறது” என்று வந்தது. தடையை மீறிய கவிதையை இவர் இவ்வளவு ரசிக்கிறாரே என்று பூரித்துப்போனேன். அடுத்த கடிதம், ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும் என்றது. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டேன். அதற்கடுத்த கடிதம், தங்கள் தொழிற்சாலையில் பின்னேர ஷிவ்ற்றுக்கு ஆள் எடுக்கிறார்கள், பாரம் தூக்கும் போர்க்லிவ்ற் ஓடத் தெரியுமா என்று கேட்டது. கவிதைக்கு இப்படியும் ஒரு பாராட்டா என்று நினைத்தேன். ஞாயிறு காலை நெறியாளர் என் கவிதைக்கு ஒரு பக்கம் விளக்கவுரையே எழுதியிருந்தார். “அள்ளினேன், தள்ளினேன் என்பது உற்பத்திப் பெருக்கத்தின் குறியீடு. அயலார் கை அசைப்பது வேலை உள்ளவனுக்குச் சமூகம் தரும் மதிப்பு.” அதை வாசித்த பிறகுதான் எல்லோரும் எனக்கு வேலை போய்விட்டதாக வாசித்திருக்கிறார்கள் என்று விளங்கியது.

என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். எழுதியவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. நான் பனி என்று நினைத்து எழுதினேன், பனி என்றே வாசித்தேன். பெரிய ‘என்’ என் கண்ணில் படவே இல்லை. இவர்கள்தான் கண் தெரியாமல் வாசித்திருக்கிறார்கள் என்று முடிவுசெய்து, கோபத்தோடு ஒரு விளக்கக் கடிதம் அடித்தேன். நண்பர்களே, எனக்கு வேலை இருக்கிறது. நான் எழுதியது பணி அல்ல, பனி. தயவுசெய்து இரண்டையும் குழப்பவேண்டாம்.

அதையும் அதே கணினியில்தான் அடித்தேன். குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது இது: “நான் எழுதியது பணி அல்ல, பணி. தயவுசெய்து இரண்டையும் குழப்பவேண்டாம்.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். வேலை போன துக்கத்தில் ஆள் கொஞ்சம் குழம்பிவிட்டார் என்று குழு தீர்மானித்துவிட்டது. அதன் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் மிகவும் மெதுவான குரலில் வந்தன. நன்றாகத் தூங்குங்கள் என்றார் ஒருவர். தனியாக இருக்க விடாதீர்கள் என்று ஒருவர் என்னைப் பற்றி என்னிடமே எழுதினார். பாவம், பிழையாக அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தேன். உடுப்பு மாற்றவும் இல்லை, அன்ரி ஒரு கோப்பை நிறையப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்புமாக இறங்கி வந்தார். மூன்று வருடத்தில் அவர் எனக்குக் கொண்டுவந்த முதல் சாப்பாடு அது. விஷயம் குழுவிலிருந்த ஒருவரின் மனைவிக்குப் போய், அங்கிருந்து கோயிலுக்குப் போய், கோயிலிலிருந்து அன்ரிக்கு வந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஸ்காபரோவில் அதற்குத் தொலைபேசியும் உண்டு.

“தம்பி, உடுத்திக்கொண்டு விடியவெள்ளன வெளிக்கிட்டுப் போறியள், பிறகு பின்னேரம் வாறியள். எங்களுக்குத் தெரியக்கூடாது எண்டுதானே இந்தப் பாடு?” என்றார்.

வேலைக்குத்தான் போகிறேன் என்றேன். ஓம் ஓம், அப்படியே சொல்லுங்கோ, ஆம்பிளையளுக்கு ரோசம் இருக்கத்தான் வேணும் என்றார். கம்பனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்த பார்வையில் இரக்கம் இன்னும் கூடிவிட்டது. அட்டையைக் கம்பனிக்குத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை பாவம் என்று நினைத்திருப்பார். புட்டு நன்றாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. யூனியன்வில் மாமன். மரியாதையான குரல், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூரத்திலிருந்து வந்த குரல். எப்படிச் சுகம் என்று கேட்டார். நாட்டு நடப்பு இரண்டு சொன்னார். பிறகு, “சரி தம்பி, நான் வீட்டிலை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்றார்.

எங்கள் ஆட்களின் பாஷை தெரிந்தவர்களுக்கு இந்த வசனத்தின் அர்த்தம் தெரியும். அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. கதவு மூடியாகிவிட்டது, சத்தம் வராமல் மூடியிருக்கிறோம் என்பது.

நான் பதறிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அங்கிள், அது வேலை இல்லை, ஸ்நோ, ஸ்நோவைப் பற்றித்தான் எழுதினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மூன்று மாதமாகத் தானும் அந்தக் குழுவில் இருப்பதாகச் சொன்னார். ஒரு கவிதையும் எழுதவில்லை, ஒருவருக்கும் பதில் போடவில்லை, சும்மா வாசித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார். மாப்பிள்ளை எப்படி என்று பார்க்கக் கவிதைக் குழுவில் சேர்ந்த மாமனை நான் அதற்கு முன்னும் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்பட்டதில்லை. நெறியாளரின் முதலாம் திகதிக் கடிதத்தை அவர் அழிக்கவும் இல்லை. பாடமாக்கி வைத்திருந்தார்.

“பெரிய ‘என்’ எண்டால் மூண்டு சுழி, தம்பி. எனக்குத் தெரியும்.”

கம்பனியிடமிருந்து கடிதம் வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

“கடிதம் ஆரும் அடிக்கலாம் தம்பி. கவிதையிலை ஆள் பொய் சொல்லமாட்டான்.”

என் கவிதை ஒன்றை இவ்வளவு முழுமையாக நம்பிய வாசகர் எனக்கு அவர் ஒருவர்தான். அந்தக் கவிதையை அச்செடுத்துத் தொலைநகலில் கொழும்புக்கும் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பெண்ணின் தாயான தன் தமக்கையிடம் எதையோ மறைத்தார் என்ற பழி தனக்கு வேண்டாமாம். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். நான் ஓர் உண்மையைச் சொல்லி ஒன்றைக் குழப்பிவிட்டிருந்தேன். அதுவும் எட்டு வரியில்.

அந்தக் கிழமை மறுபடி குளிர் வந்தது, பனி வரவில்லை. வெறும் இருட்டும் காற்றும். பிழை எங்கே என்று அப்போதுதான் தேடினேன். பனி என்ற சொல்லைத் தனியாக ஒரு வெற்றுப் பக்கத்தில் அடித்தேன். சின்ன ‘என்’ போட்டேன். இடைவெளி விட்டதும் என் கண்முன்னாலேயே அது நிமிர்ந்து பெரிய ‘என்’ ஆனது. திரும்ப அடித்தேன், திரும்ப நிமிர்ந்தது. எனக்கு என்மேலேயே வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தத் திருத்தத்தை நீக்கிவிட்டு, நடந்ததை ஒழுங்காக எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். நெறியாளர் மட்டும் பதில் போட்டார். விளக்கம் கிடைத்தது, ஆனால் மூன்று சுழியோடு அந்தக் கவிதை இன்னும் ஆழமாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றவர்கள் அடுத்த வாரத் தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

எனக்குப் போக இடமில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். பின்னேரங்களில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஆட்கள் எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். உதவி செய்ய நினைத்தார்கள். புட்டு அவித்தார்கள். ஆனால் முப்பது பேரில் ஒருவருக்கும் அந்தக் கவிதை என்ன சொன்னது என்று தெரியவில்லை. தனியாக இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியாமல் பனியைப் பிடித்தேன். அது வேலை வாய்ப்பு விளம்பரமாய்ப் போய்விட்டது. மாசி முடிய ஐந்து நாள் இருந்தது. கொழும்பிலிருந்து பதில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டாலும் மேலே தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனே வந்தார். தொலைபேசி எடுத்துச் சொல்லாமல் வந்தார். முகம் சரியில்லை. பேஸ்மன்ற் வாசலில் நின்றபடியே கோட்டுக்குள்ளிருந்து இரண்டு தொலைநகல் தாள்களை எடுத்தார். அந்தத் தாள்கள் சுருண்டுகொள்ளும். அவர் விரித்துவிட, அவை சுருண்டன. கடைசியில் என் கையில் ஒன்றைத் திணித்தார்.

முதலாவது தாள் கொழும்பிலிருந்து மருமகள் அவருக்கு எழுதியது. நீங்களும் வாசியுங்கோ, எனக்கு விழுந்த அடியைப் பாருங்கோ என்றார். கையெழுத்து சின்னதாய், ஒரே அளவாய் இருந்தது.

“மாமா, இது வேலை இல்லை, பனி. வேலையை ஆரும் வாசலிலை வைச்சு அள்ளித் தள்ளுவினமோ? கனடாவிலை இருந்து நீங்கள் அனுப்பின எல்லாப் படத்திலையும் சவலோடைதானே நிக்கிறியள். உங்களுக்குத் தெரியாமல் போனது எனக்கு ஆச்சரியம்.”

மூன்று சுழிச் சட்டம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நெறியாளரின் கடிதம் கொழும்புக்குப் போவதில்லை. சட்டம் தெரிந்த முப்பது பேர் எழுத்தைப் பார்த்தார்கள். சட்டம் தெரியாத ஒருவர் கவிதையை வாசித்துவிட்டார்.

இரண்டாவது தாள் என் கவிதை. மாமன் அனுப்பிய அதே பிரதி திரும்பி வந்திருந்தது. புரூஃப் பார்க்கிறவர் பார்க்கிற மாதிரிப் பார்த்திருந்தார். சொல்லின் நடுவே ஏன் பெரிய ஆங்கில எழுத்து வருகிறது என்று அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கவிதையில் இருந்த ஒவ்வொரு பெரிய எழுத்தையும் வட்டமிட்டுச் சின்ன எழுத்தாக்கியிருந்தார். பனியை மட்டும் இல்லை, பெரிய ‘என்’ போட்ட கண்டாரையும் பெரிய ‘எல்’ போட்ட அள்ளினேனையும்கூட. நெறியாளர் கண்டிருந்தால் பத்தொன்பதாவது மாடியிலிருந்து இறங்கியே வந்திருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே வரி வரியாகத் தாளின் கீழே வந்தேன்.

கடைசி வரியின் மேலே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நேர்கோடு. என்னை ஒருவருக்கும் தெரியாது என்ற வரி முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் நீக்கு என்று சொல்லும் அச்சக்காரரின் சுழித்த குறி. அதன் பக்கத்தில் மூன்று சொல். தாளை வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் வாசித்தேன்.

“இது இனிப் பிழை.”

நான் அந்த மூன்று சொல்லையே திரும்பத் திரும்ப வாசித்ததைப் பார்த்து மாமனுக்குப் பயம் வந்துவிட்டது. ஏற்கனவே குழம்பியிருக்கும் ஆள் என்று குழுவில் வாசித்தவர் அல்லவா. கழுத்தை நீட்டித் தாளை எட்டிப் பார்த்தார்.

“உதென்ன தம்பி கோடு? கவிதை சரியில்லை எண்டுறாளோ?”

“கடைசி வரி மட்டும்தான் அங்கிள்” என்றேன். அவர் முன்னாலேயே அழுதேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாவம், அந்த மனிதர் மருமகள் எழுதியதையும் முழுதாய் நம்பாமல், என் முதுகைத் தட்டி, வேறு வேலை கிடைக்கும் தம்பி, கவலைப்படாதையுங்கோ என்று சொல்லிக்கொண்டே நின்றார்.